லெதர் ஜாக்கெட்டில் கறையா? கடைக்குக் கொடுக்கும் முன்...

ஐப்பசியும் கார்த்திகையும் கொட்டித் தீர்த்து, மார்கழிப் பனியும் விலகி, தை வெயில் பால்கனிக்குள் வந்து விழும்போதுதான் பீரோவின் மூலையில் தொங்குகிற துணிகள் ஞாபகத்துக்கு வரும். பட்டுப்புடவைகளை எடுத்து மடிப்பு மாற்றி வைக்கிற அன்றைக்கு, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் லெதர் ஜாக்கெட்டும் கண்ணில் படும். மகன் ஆன்சைட் போய்த் திரும்பும்போது வாங்கி வந்ததாக இருக்கலாம். ஆம்பூர்ப் பக்கம் போன உறவினர் எடுத்துக் கொடுத்ததாக இருக்கலாம். பல ஆயிரம் ரூபாய்ப் பொருள். சென்னை வெயிலில் வருடத்துக்கு நாலு நாள்கூடப் போட வாய்க்காது. ஆனாலும் காலரில் கறுப்புப் பிசுக்கு, கைப்பகுதியில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை, மார்புப் பக்கம் என்றைக்கோ சிந்திய சாம்பாரின் மஞ்சள்.

டிரைக்ளீனிங் கடையில் போட்டுவிடலாம் என்று முடிவாகும். கூடவே ஒரு நல்லெண்ணமும் வரும்: ‘கறையோட கொடுத்தா நல்லா இருக்காது, கொஞ்சம் துடைச்சுக் கொடுப்போம்.’ ஈரத்துணி, துளி ஷாம்பு, அல்லது பாத்திரம் தேய்க்கிற லிக்விட். பெரும்பாலான லெதர் உடைகள் பாழாவது கறையால் அல்ல, இந்தத் துடைப்பால்தான். கடைக்காரரால் எடுத்திருக்கக்கூடிய கறை, வீட்டு வைத்தியத்துக்குப் பிறகு எடுக்க முடியாத கறையாகிவிடுகிறது.

ஏன் இப்படி? பருத்தியும் பாலியஸ்டரும் நூல். லெதர் ஒரு காலத்தில் தோல். அதில் இருக்கும் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. பதனிடும்போது அந்த நார்களுக்கு இடையில் எண்ணெய்ப் பசை ஏற்றப்படுகிறது. தோல் வளைவதும் மெத்தென்று இருப்பதும் அதனால்தான். அதில் தண்ணீர் நிறையப் புகுந்து காய்ந்தால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் அப்பளம் போல விறைக்கும். சாயமும் தண்ணீரோடு நகர்ந்து ஈரத்தின் ஓரத்தில் போய்த் தங்கும். நனைந்த இடத்தைச் சுற்றி வட்டமாக ஒரு கோடு விழுவது அதன் அடையாளம். சோப்பு இன்னும் மோசம். பதனிட்ட தோல் இலேசான அமிலத் தன்மை உள்ளது; துணி சோப்பு காரம். இரண்டும் சேர்ந்தால் நிறம் மாறும், பசை கழன்று போகும்.

இந்த விஷயம் தெரிந்தவர்களுக்குத் தென்சென்னையில் பஞ்சமில்லை என்பதுதான் வேடிக்கை. பள்ளிக்கரணையிலிருந்து ரேடியல் ரோட்டில் பல்லாவரம் போய், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் திரும்பினால் வருகிற குரோம்பேட்டைக்குப் பெயரே லெதரால் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோமிய உப்பால் தோல் பதனிடுவதைச் சோதனை செய்தார். அந்த முறையில் இயங்கிய ‘குரோம் லெதர் கம்பெனி’ அமைந்த இடம்தான் குரோம்பேட்டை. அதற்கு முன்பு இங்கே ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிடுவதுதான் வழக்கம். பக்கத்திலேயே நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைகள் உண்டு. அடையாற்றில் 1948-ல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இன்றும் இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் உலகம் முழுக்கப் போகிறது. ஊரே லெதர் ஊர். வீட்டுக்குள் மட்டும் அதைப் புடவை போலத் துவைக்கப் பார்க்கிறோம்.

கறையைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது, கையில் இருப்பது என்ன வகை என்பதை. உள்பக்கத் தையலில் இருக்கும் லேபிளை முதலில் படிக்க வேண்டும். பி.யு. என்றோ பாலியூரித்தேன் என்றோ போட்டிருந்தால் அது தோலே அல்ல, துணி மேல் பூசிய பிளாஸ்டிக். சென்னை ஈரக்காற்றில் சில வருடங்களில் அது செதில் செதிலாக உரியும். அதற்குக் கடைக்காரரும் ஒன்றும் செய்ய முடியாது. அசல் தோல் என்றால், வழவழப்பாக மேலே பூச்சு இருக்கிறதா, வெல்வெட் போல ரோமம் ரோமமாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ரோமம் போல இருப்பது ஸ்வேட். தோலின் உள்பக்கத்தை, அதாவது சதை ஒட்டியிருந்த பக்கத்தைத் தேய்த்து எடுப்பது அது. ஸ்வீடன் நாட்டுக் கையுறைகளுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. தோலின் மேல்பக்கத்தையே இலேசாகத் தேய்த்து எடுப்பதற்கு நூபக் என்று பெயர். பார்க்க ஸ்வேட் மாதிரியே இருக்கும், இன்னும் மெல்லிய ரோமம்.

சந்தேகமாக இருந்தால் காலருக்கு அடியிலோ, உள்மடிப்பிலோ, யார் கண்ணும் படாத இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கலாம். சொட்டு அப்படியே நின்றால் மேலே பூச்சு இருக்கிறது. கொஞ்சம் தைரியமாக இருக்கலாம். உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லாத தோல். அதில் எதைப் போட்டாலும் உள்ளே போகும், திரும்பி வராது.

இனி, கறை பட்ட அந்த நிமிஷம். கல்யாண ரிசப்ஷனில் ஐஸ்க்ரீமோ, ஆபீஸ் கேன்டீனில் ஃபில்டர் காபியோ மேலே கொட்டினால் கை தானாகத் தேய்க்கத்தான் போகும். தேய்த்தால் சிந்தியது ரோமத்துக்குள் இறங்கும், பரவவும் செய்யும். வெள்ளை டிஷ்யூ பேப்பரையோ, சாயம் போகாத வெள்ளைப் பருத்தித் துணியையோ கறை மேல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். புதுப் பேப்பர், மறுபடி அழுத்தம், மறுபடி புதுப் பேப்பர். வண்ணம் அச்சடித்த நாப்கின் வேண்டாம். அதன் சாயமும் சேர்ந்து இறங்கும். கெட்டியாக விழுந்ததை (சட்னி, கேக் கிரீம்) ஸ்பூனின் ஓரத்தால் ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக அள்ளி எடுத்துவிட்டுப் பிறகு ஒற்றலாம். அதன் பிறகு நிழலில், ஃபேன் காற்றில் தானாகக் காய விட வேண்டும். ஹேர் டிரையர் கூடாது. இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. ஈரத் தோலில் சூடு பட்டால் சுருங்கும், சுருங்கியது நிமிராது.

வேளச்சேரி - தாம்பரம் சாலையில் மழை நாளில் பைக்கில் போனால் முதுகில் வரிசையாகச் சேறு தெறிக்கும். வீட்டுக்கு வந்ததும் ஈரத்துணியால் துடைக்கத் தோன்றும். வேண்டாம். சேறு என்பது தண்ணீரும் மண்ணும். தண்ணீர் போனால் மண் தானே உதிரும். ஒரு ராத்திரி காய விட்டு, காலையில் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிட்டால் முக்கால்வாசி போய்விடும். ஸ்வேட்டுக்கென்று தனி பிரஷ் ஷூ கடைகளில் கிடைக்கிறது. இல்லாவிட்டால் பயன்படுத்தாத மென்மையான டூத் பிரஷ் போதும். ஒரே திசையில் தேய்த்து, பிறகு எதிர்த்திசையில் ஒருமுறை தேய்த்து ரோமத்தை எழுப்பிவிட வேண்டும். ஸ்வேட்டில் காய்ந்து போன தண்ணீர்க் கோட்டுக்கும் இதே வைத்தியம்தான். மேலாக ஒட்டிய அழுக்குக்கு வெள்ளைப் பென்சில் ரப்பரால் மெதுவாக அழிக்கலாம். சிவப்பு, நீல ரப்பர் அதன் நிறத்தையே கொடுத்துவிட்டுப் போகும்.

தேங்காய் எண்ணெய் என்கிற எதிரி

வெளிநாட்டுப் புத்தகங்களில் காலர் கறை என்றால் வியர்வை, மேக்கப் என்று எழுதியிருப்பார்கள். நம் வீட்டு ஜாக்கெட்டின் காலரில் இருப்பது முக்கால்வாசி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, அதோடு பைக்கில் ஏறி, சோழிங்கநல்லூர் போகிற வரையில் கழுத்து காலரில் உரசிக்கொண்டே இருக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகிவிடும். சென்னையில் வருடத்தின் பெரும்பகுதி அது திரவம்தான். அதனால் காலரில் பட்ட எண்ணெய் பட்ட இடத்தில் நிற்காது. ஒவ்வொரு வெயில் நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவும். மாசியில் கட்டைவிரல் அளவு இருந்த கறை சித்திரை முடிவதற்குள் உள்ளங்கை அளவாகும். போன வருஷம் இவ்வளவு இல்லையே என்று வீட்டில் சொல்வது பிரமை அல்ல.

எண்ணெய்க் கறைக்கு வீட்டில் செய்யத் தகுந்தது ஒன்று உண்டு: எண்ணெயை உறிஞ்சுகிற பொடி. கார்ன்ஃப்ளோர் அல்லது சாதாரண டால்கம் பவுடர். கறை மேல் கனமாகத் தூவி, விரலால் தேய்க்காமல் மெதுவாகத் தட்டி, ஒரு ராத்திரி முழுக்க விட்டு, காலையில் பிரஷ்ஷால் உதறிவிட வேண்டும். புதுக் கறை என்றால் பாதிக்கு மேல் வெளியே வரும். வேண்டுமானால் அடுத்த ராத்திரியும் செய்யலாம். பழைய கறையில் பெரிதாக ஒன்றும் நடக்காது; ஆனால் கெடுதலும் வராது. வீட்டு வைத்தியத்தில் அதுவே பெரிய விஷயம்.

அடுக்களையில் இருக்கிற எந்த மாவும் ஆகும் என்று நினைத்துவிடக் கூடாது. கடலை மாவில் அதற்கென்றே எண்ணெயும் மஞ்சளும் உண்டு. அரிசி மாவு நறநறவென்று இருக்கும். முல்தானி மட்டி எண்ணெயை நன்றாகவே உறிஞ்சும். கம்பளித் துணியில் எண்ணெய் எடுக்க அந்தக் காலத்திலிருந்தே பயன்பட்ட மண் வகைதான் அது. ஆனால் வெளிர் நிற ஸ்வேட்டில் மண் நிறம் ஏறிவிடும். கறுப்பு ஸ்வேட்டில் எந்த வெள்ளைப் பொடியும் தையல் ஓரங்களில் சிக்கிக்கொண்டு திருநீறு பூசியது போலத் தெரியும். அங்கே கொஞ்சமாகத் தூவினால் போதும். இன்னொன்று, கார்ன்ஃப்ளோர் உணவுப் பொருள். அதைத் துளிகூட மிச்சம் வைக்காமல் உதறாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் பூஞ்சைக்கு விருந்து வைத்தது போல ஆகும்.

வழவழப்பான லெதரில் பளபளப்பு போய்விட்டது என்று தேங்காய் எண்ணெயையே துணியில் தொட்டுத் தேய்க்கிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இரண்டு நாள் மினுங்கும். பிறகு தோல் கறுக்கும், தூசியைப் பிடித்து வைக்கும், பூஞ்சை வரும். ஷூ பாலிஷ் போடுகிறவர்களும் உண்டு. அந்தச் சாயம் அடுத்த நாள் வெள்ளைச் சட்டைக் காலரில் தெரியும்.

சாம்பார், ரசம், குழம்பு எதுவாக இருந்தாலும் அதில் மூன்று கறைகள் சேர்ந்தே இருக்கின்றன: தண்ணீர், எண்ணெய், மஞ்சள். முதல் இரண்டுக்கும் ஒற்றி எடுத்துப் பொடி தூவலாம். மஞ்சளைத் தொடாமல் விடுவதே நல்லது. வெள்ளை வேட்டியில் பட்ட மஞ்சள், சோப்பு பட்டதும் சிவப்பாக மாறுவதைப் பார்க்காத வீடு இல்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின், காரம் பட்டால் நிறம் மாறும். வேட்டியை அலசி வெயிலில் போட்டால் மங்கிப் போகும். லெதரை அலசவும் முடியாது, வெயிலில் போடவும் முடியாது. வெயிலில் போட்டால் மஞ்சளோடு ஜாக்கெட்டின் நிறமும் போகும். குங்குமமும் அப்படியே. உதறிவிட்டு விடலாம், துடைக்கக் கூடாது.

பால்பாயின்ட் பேனா மை, லிப்ஸ்டிக், ஹேர் டை, நெயில் பாலிஷ் எல்லாமே கடைக்காரர் வேலை. நெயில் பாலிஷ் ரிமூவரும் கொரோனாவுக்குப் பிறகு எல்லாக் கைப்பையிலும் இருக்கிற சானிடைசரும் கறையைக் கரைப்பதற்கு முன்னால் லெதரின் பூச்சைக் கரைத்துவிடும். குழந்தைகளைத் துடைக்கிற வெட் வைப்ஸும் வேண்டாம். சூயிங் கம் மட்டும் சுலபம். ஒரு பாலிதீன் கவரில் ஐஸ் கட்டியைப் போட்டு மேலே வைத்தால் இறுகும், நகத்தால் பெயர்த்துவிடலாம். மெழுகுவர்த்தி மெழுகும் அப்படித்தான். ஐஸ் உருகித் தோலை நனைக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. டிரைக்ளீனிங்குக்கு இன்றும் பல பேர் சொல்லுகிற பெயர் ‘பெட்ரோல் வாஷ்’. அந்தப் பெயரை நம்பி, பைக் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கறையில் தேய்த்துப் பார்க்கிற ஆண்கள் இருக்கிறார்கள். தோலில் இருக்கிற பசையெல்லாம் போகும், வாடை போகாது. அடுப்பு எரிகிற வீட்டில் அதைச் செய்வது எவ்வளவு ஆபத்து என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சதுப்புநிலத்துக் காற்றும் பூஞ்சையும்

பள்ளிக்கரணைக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் பக்கத்திலேயே இருக்கிறது. பூநாரை வருகிற பெருமை ஒரு பக்கம். மழைக்காலத்தில் காற்றில் நிற்கிற ஈரம் இன்னொரு பக்கம். சாயந்திரம் ஆனால் கொசுவுக்குப் பயந்து எல்லா ஜன்னலையும் மூட வேண்டியிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 65, 70 சதவிகிதத்தைத் தாண்டினால் பூஞ்சை வளரத் தொடங்கும். இங்கே மழை மாதங்களில் அது சர்வ சாதாரணம். மூடிய பீரோ, பாலிதீன் உறை, காலரில் எண்ணெய் மூன்றும் சேர்ந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

பூஞ்சை பிடித்த ஜாக்கெட்டைப் பீரோவுக்குள்ளேயே வைத்துத் தட்டக் கூடாது. பறக்கிற பொடி பக்கத்தில் இருக்கிற பட்டுப்புடவையில் போய் உட்காரும். முகக்கவசம் போட்டுக்கொண்டு மொட்டைமாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப் போய், காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். அந்த பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்காமல் வேறு எதற்கும் தொடக் கூடாது. ஆஸ்துமா இருப்பவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு ஒருவருக்கு விட்டுவிடலாம். பிறகு நாள் முழுக்க நிழலில், காற்றோட்டத்தில் தொங்கட்டும். பூச்சுள்ள லெதர் என்றால் பிழிந்து ஈரம் போன துணியால் ஒருமுறை மேலாகத் துடைத்து உடனே காய்ந்த துணியால் துடைக்கலாம். ஸ்வேட்டுக்கு அதுவும் வேண்டாம். பிரஷ் பண்ணியும் கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் தங்கினால் பூஞ்சை நாருக்குள் இறங்கிவிட்டது, இனி கடைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளில் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க நனைந்தது. அப்படி முழுசாக மூழ்கிய லெதருக்கு, ‘காய்ந்த பிறகு தட்டு’ என்கிற சேற்று வைத்தியம் பொருந்தாது. மண் நாருக்குள் போயிருக்கும். காய்ந்தால் அங்கேயே இறுகும். ஈரமாக இருக்கும்போதே சாதாரணத் தண்ணீரில் மெதுவாக அலசி, பிழியாமல் துண்டில் சுற்றி அழுத்தி, கைகளுக்குள்ளும் உடம்புக்குள்ளும் பழைய வெள்ளைத் துண்டுகளை அடைத்து, வடிவம் கெடாமல் நிழலில் நாலைந்து நாள் காய வைக்க வேண்டும். நியூஸ் பேப்பரை அடைத்தால் அச்சு மை உள்துணியில் ஒட்டும். ஓரளவு விறைக்கத்தான் செய்யும். லெதர் தெரிந்த கடைக்காரர் எண்ணெய்ப் பசை ஏற்றிக் கொஞ்சம் மீட்கலாம். சாக்கடைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடந்தது என்றால், விலை எதுவாக இருந்தாலும் தூக்கிப் போடுவதுதான் நல்லது.

கடையில் என்ன சொல்ல வேண்டும்?

ஜாக்கெட்டைக் கொடுக்கும் இடத்தில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“அக்கா, இது மேல ஏதாவது போட்டுத் துடைச்சீங்களா?”

“இல்ல தம்பி, சும்மா ஈரத்துணியிலதான்...”

ஷாம்பு போட்டதைச் சொல்ல ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு விலை அதிகம். கறை என்ன, எப்போது பட்டது, அதன் மேல் என்னென்ன போட்டீர்கள் என்பதை வைத்துத்தான் எந்த ரசாயனத்தை எடுப்பது என்று அவர் முடிவு செய்வார். ஷாம்பு இறங்கிய இடத்தை எண்ணெய்க் கறை என்று நினைத்து வேலை செய்தால் இரண்டும் கெடும். டாக்டரிடம் போய், தானே வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையை மறைப்பது மாதிரிதான். கறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, சிறு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி உள்துணியில் ஒட்டிக் கொடுத்தாலும் தப்பில்லை. தோல் மேல் மட்டும் டேப் ஒட்டக் கூடாது. உரிக்கும்போது பூச்சும் வரும்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: “இங்கேயே செய்வீங்களா, வெளியே அனுப்புவீங்களா?” தெருமுனை லாண்டரிகள் லெதரை வாங்கி வேறு இடத்துக்கு அனுப்புவது சகஜம், அதில் குற்றம் இல்லை. எங்கே போகிறது, அவர்கள் லெதர் செய்து பழக்கம் உள்ளவர்களா என்பதுதான் தெரிய வேண்டும். புடவைக்கும் கோட்டுக்கும் பயன்படுத்துகிற கரைப்பானில் லெதரைப் போட்டு எடுத்தால் கறையோடு உள்ளே இருக்கிற எண்ணெய்ப் பசையும் வெளியேறிவிடும். லெதர் தெரிந்தவர் கடைசியில் பசையை மறுபடி ஏற்றி, தேவையானால் நிறமும் தெளிப்பார். கட்டணம் சாதாரண டிரைக்ளீனிங்கைவிடப் பல மடங்கு இருப்பது அதனால்தான். மலிவாகச் செய்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எந்த வேலையை விடுகிறார் என்று யோசிக்கலாம்.

சில விஷயங்களுக்குக் கடைக்காரரைக் கோபித்துக்கொள்ள முடியாது. ஒரு ஜாக்கெட் ஒரே ஆட்டின் தோலில் தைத்தது அல்ல. பல தோல்களின் துண்டுகள். கம்பெனியில் எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் ஏற்றியிருப்பார்கள். சுத்தம் செய்த பிறகு முதுகு ஒரு சாயலும் கை ஒரு சாயலுமாக வரலாம். ஆடு முள்ளில் கிழித்துக்கொண்ட தழும்பும் உண்ணி கடித்த புள்ளியும் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து, இப்போது வெளியே தெரியலாம். ஜாக்கெட்டும் பாவாடையும் செட்டாக இருந்தால் கறை ஒன்றில் மட்டும் இருந்தாலும் இரண்டையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது அவை செட்டாக இருக்காது.

ஆனால் கிழிந்து வந்தால், சுருங்கி வந்தால், காணாமலே போனால் அது வேறு. கொடுப்பதற்கு முன் முன்பக்கம், பின்பக்கம், கறை, பட்டன், ஜிப் எல்லாவற்றையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ரசீதில் ‘ஜாக்கெட் - 1’ என்று மட்டும் இல்லாமல் ‘ஒரிஜினல் ஸ்வேட், பிரவுன்’ என்று எழுதச் சொல்ல வேண்டும். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவைக் குறைபாட்டுக்கும் பொருந்தும்; 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்போது கைகொடுப்பவை இந்தப் படங்களும் ரசீதும்தான். பாக்கெட்டுகளைக் காலி செய்வதும் மறக்கக் கூடாது. பழைய பஸ் டிக்கெட் போனால் போகட்டும். மூடி கழன்ற பேனா ஒன்று உள்ளே இருந்தால் கதை முடிந்தது.

எல்லாக் கறையையும் எடுத்தே தீர வேண்டுமா என்பதும் ஒரு கேள்வி. அப்பா போன பிறகு அவருடைய ஜாக்கெட்டை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் மாட்டி வைத்திருக்கிற வீடுகள் இருக்கின்றன. காலர் கறுப்பு அவர் தலை எண்ணெய். திறந்தால் அவர் வாசனை வரும். வருடா வருடம் பூஞ்சை வருகிறதே, சுத்தமாக்கி வைப்போம் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அம்மா ஏதாவது சொல்லித் தள்ளிப் போடுவார். டிரைக்ளீனிங் செய்தால் கறை போகிறதோ இல்லையோ, அந்த வாசனை நிச்சயம் போகும், திரும்பக் கிடைக்காது. ஆகவே அப்படிப்பட்ட உடையைக் கடைக்கு அனுப்பும் முன் வீட்டில் அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. அவர் வேண்டாம் என்றால், பிரஷ்ஷால் பூஞ்சையைத் தட்டி, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விட்டாலே போதும். ஜாக்கெட் கெட்டுப் போகாது.

கடையிலிருந்து வந்த ஜாக்கெட்டை அந்தப் பாலிதீன் உறையோடு மாட்டுவதுதான் அடுத்த கறையின் தொடக்கம். உறையைக் கழற்றி அரைநாள் காற்றில் விட்டு, ரசாயன வாடை போன பிறகு, பழைய பருத்தி வேட்டியில் தைத்த உறையைப் போடலாம். கம்பி ஹேங்கரில் தோள் பக்கம் கூம்பு விழும். அகலமான மர ஹேங்கர் வாங்குவது நல்லது. நாப்தலின் உருண்டையைப் பாக்கெட்டுக்குள் போடக் கூடாது. தனியாகத் துணியில் கட்டிப் பீரோவின் ஓரத்தில் வைக்கலாம். ஷூ பெட்டியிலும் கைப்பையிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் குப்பையில் போடாமல் சேர்த்து வைத்தால் ஈரத்துக்கு ஆகும், குழந்தைகள் கைக்கு எட்டாத தட்டாகப் பார்த்து. மழை மாதங்களில் வாரம் ஒருநாள், வெயில் எட்டிப் பார்க்கிற மத்தியான வேளையில், கொசு வருவதற்கு முன் பீரோக் கதவை ஒரு மணி நேரம் திறந்து ஃபேனைப் போட்டு வைக்கலாம். அடுத்த முறை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கிளம்புகிற அன்றைக்கு மட்டும், தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் காலருக்கு மேல் ஒரு கைக்குட்டையையோ மஃப்ளரையோ சுற்றிக்கொண்டு போகட்டும்.